அண்மைச்சுட்டு

டேனிஷ் மொழி கடினம் என்று எங்கள் ஆட்கள் எல்லோரும் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றியதில்லை. அது வாய்க்குத்தான் கடினம், மனதுக்கு இலேசு. பாதி எழுத்தை விழுங்கிவிடுவார்கள். விழுங்கியது எதுவென்று தெரிந்துகொண்டால் மிச்சம் தானாக வரும். மந்திரிக்கும் மாடு மேய்ப்பவனுக்கும் ஒரே 'நீ'. அவன், அவர், இவன், இவர் என்று நாங்கள் நாலாகப் பிரித்து வைத்திருப்பதை அவர்கள் ஒரே சொல்லால் முடித்துவிடுவார்கள்: 'ஹான்'. கிட்ட நிற்பவனும் ஹான், எட்ட நிற்பவனும் ஹான், செத்தவனும் ஹான்.

சரோஜினிதேவி அக்கா, நீங்கள் இதையெல்லாம் என்னைவிட நன்றாக அறிந்தவர். மேல்நீதிமன்றத்துக்கு மொழிபெயர்ப்பவர். ஞானரட்ணத்தின் மேன்முறையீட்டுக்காகப் பொலிஸ் விசாரணையின் ஒலிநாடாவைத் திரும்பக் கேட்டபோது உங்களுக்கு ஒரு சொல்லில் சந்தேகம் வந்திருக்கிறது. போன கிழமை அல்பர்ட்ஸ்லுண்டில் என் வீட்டுக்கு வந்து, ஊற்றிய தேநீரையும் குடிக்காமல், அந்த ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டுப் போனீர்கள். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். யோசித்துவிட்டேன். கேள்வி சிறியது, பதிலுக்குத்தான் கொஞ்சம் இடம் வேண்டும்.

நாங்கள் முதலில் இருந்தது வடக்கே, கடற்கரையோரத்துக் கோடைகால ஹொட்டேல் ஒன்றில். குளிர்காலத்தில் விருந்தாளிகள் வராததால் அதை அகதிகள் முகாமாக்கியிருந்தார்கள். சுவர்களில் ஐஸ்கிறீம் குடிக்கிற பிள்ளைகளின் படங்கள். வெளியே கடலின் ஓரம் உறைந்து கிடந்தது. வள்ளம் கட்டுகிற மரப்பாலம் ஒன்று தண்ணீருக்குள் நீண்டுபோய் நின்றது. என் அறைச் சன்னலில் நின்றால் அதுதான் தெரியும்.

எங்கள் அகதி வழக்குகளின் முடிவு வரும்வரை அங்கே செய்வதற்கு வேலை ஒன்றும் இல்லை. ஊர் நூலகத்தில் வேலை செய்த ஒரு பெண் சனிக்கிழமைகளில் நாங்கள் பார்ப்பதற்கு ஒரு வீடியோப் படம் கொண்டுவந்து தருவாள். நான் தொலைக்காட்சிக்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டு, கீழே ஓடுகிற டேனிஷ் எழுத்தை வாசித்துத் தமிழில் சொல்வேன். முகாமில் முதலில் டேனிஷ் வாசிக்கப் பழகியவன் நான்தான். மொழிபெயர்ப்பு நாவல்களிலேயே வளர்ந்தவன். பனியை நான் முதன்முதலில் பார்த்தது தமிழில். ஆகவே ஒரு கதையை ஒரு மொழியில் இருந்து இன்னொரு மொழிக்குத் தூக்கிக்கொண்டு வருகிறவனுக்கு என்ன உரிமை உண்டு என்று எனக்குத் தெரியும். எழுதியவன் மறந்துபோனதை அவன் சேர்க்கலாம். அவசரப்பட்ட இடத்தில் ஆறுதலாக நிற்கலாம். நல்ல மொழிபெயர்ப்பாளர்கள் எல்லோரும் அதைச் செய்கிறார்கள்.

படம் பார்க்கிற மண்டபத்தில் ஞானரட்ணம் எப்போதும் முன்வரிசையில் இருப்பார். ஊரில் லொறி வைத்திருந்தவர், நாற்பது வயது. அவருடைய தம்பி றொபேட் ஒரு சுற்றிவளைப்பில் பிடிபட்டுத் திரும்பி வரவில்லை. இங்கே பிறக்கும் பிள்ளைகளுக்குச் சுற்றிவளைப்பு என்றால் என்னவென்று இனித் தெரியப்போவதில்லை, ஆகையால் சொல்லிவைக்கிறேன். ஆமி ஊரை வளைத்து, ஆண்களை வரிசையில் விடும். ஜீப்பில் ஒருவன் இருப்பான். தலையில் சாக்கு, கண்ணுக்கு இரண்டு ஓட்டை. வரிசை அவன் முன்னால் நகரும். அவன் யாரைப் பார்த்துத் தலையாட்டுகிறானோ அவர்களை ஏற்றிக்கொண்டு போவார்கள். அவனுக்குத் தலையாட்டி என்று பெயர்.

றொபேட்டுக்குப் பின்னால் வரிசையில் நின்றவர் ஞானரட்ணம். முகாமுக்குப் புதிதாக யார் வந்தாலும், அவர்கள் சப்பாத்தைக் கழற்றும் முன்னரே, எந்த ஊர் என்று கேட்பார். பிறகு அந்தக் கதையைச் சொல்வார்.

"எல்லாத் தலையாட்டியும் மேல கீழ ஆட்டுவான். இவன் ஆட்டேல்லை. இடப்பக்கம் சரிச்சவன். சீனி இருக்கோ எண்டு கேட்டா கடைக்காரன் ஓம் எண்டு சரிப்பானே, அப்பிடி. என்ர தம்பியை நிறுத்துச் சுத்திக் குடுத்த மாதிரி."

ஆளைக் கண்டால் என்ன செய்வீர்கள் என்று ஒருநாள் கேட்டேன்.

"ஒரு கேள்விதான் கேப்பன். நீயோ? ஓம் எண்டால் முடிஞ்சுது."

அன்றிலிருந்து நான் கழுத்தை அசைக்காமல் கதைக்கப் பழகிக்கொண்டேன். டேனிஷ்காரர்கள் அப்படித்தான் கதைப்பார்கள். நான் வெகு சீக்கிரம் இந்த நாட்டுக்கு இசைந்துவிட்டேன் என்று முகாம் அதிகாரி பாராட்டினார்.

சாக்குக்குள் இருந்தவன் நான். இதைச் சொல்வதில் எனக்குப் பெரிய கஷ்டம் இல்லை; அந்த இடத்தில் யாரும் இருந்திருக்கலாம். என் பையில் இருந்த ருஷ்ய நாவலின் சிவப்பு அட்டையைச் சோதனைச்சாவடியில் கண்டு, என்னைப் பிடித்துக்கொண்டு போனார்கள். என்ன செய்தார்கள் என்பதை விடுகிறேன். ஆள் காட்டினால் வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். சாக்கில் கோதுமை மா வாசம். வரிசையில் வந்தவர்களில் பெரும்பாலானோரை எனக்குத் தெரியாது. தெரியாத மனிதர்களைக் காட்டுவது அநியாயம் என்று பட்டது. அவர்கள் எப்படிப்பட்டவர்களோ, எத்தனை பேரைக் காப்பாற்றுகிறவர்களோ, எனக்கு என்ன தெரியும்? றொபேட்டைத் தெரியும். என்னிடம் ஒரு நாவலின் இரண்டாம் பாகத்தை வாங்கிக்கொண்டுபோய்த் திருப்பித் தராமல் வைத்திருந்தவன். அவன் வந்தபோது தலையைச் சரித்தேன். மேலும் கீழும் ஆட்டத்தான் சொல்லியிருந்தார்கள், நான் ஆட்டவில்லை. இதை நீங்கள் கவனிக்க வேண்டும். தலையைச் சரிப்பதற்கு எங்களிடம் எத்தனையோ அர்த்தம். 'ஓம்' என்றும் வரும், 'சரி, போகட்டும்' என்றும் வரும், 'நான் என்ன செய்ய' என்றும் வரும். அவர்கள் 'ஓம்' என்று எடுத்துக்கொண்டார்கள். அது அவர்களுடைய மொழிபெயர்ப்பு.

தை மாதம் குருசுமுத்து வந்து சேர்ந்தார். மன்னார் ஆள், மீன்பிடிகாரர். அவருடைய கழுத்து இடப்பக்கம் சரிந்துபோய் இருந்தது. நேராக்கினால் மெல்ல மெல்லத் திரும்பவும் சரியும். முதல் நாளே குசினியில் மீன் வெட்டிக்கொண்டு அதை அவரே பகிடி ஆக்கினார்.

"என்ர கழுத்து எல்லாத்துக்கும் ஓம் எண்டுதான் சொல்லும் தம்பிமார். இல்லை எண்டு சொல்லுறதுக்கு வாய் மட்டும்தான் மிச்சம். என்னட்டக் கேக்கிறதை இருட்டில கேளுங்கோ."

எல்லோரும் சிரித்தோம். ஞானரட்ணம் சிரிக்காமல் கழுத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். வழக்கமான கேள்விகளைக் கேட்டார். குருசுமுத்து யாழ்ப்பாணப் பக்கமே வந்ததில்லை என்றார். ஞானரட்ணம் அரைமனதோடு நம்பினார். மன்னார் ஆளை அவ்வளவு தூரம் கொண்டுவந்து ஜீப்பில் இருத்துவார்களா என்று என்னிடம் கேட்டார். எனக்குத் தெரியாது என்றேன்.

அந்தக் கழுத்தின் கதை எனக்குத் தெரியும். அவருடைய அகதி விசாரணையில் மொழிபெயர்த்தவன் நான். மன்னாரில் அவருக்கும் ஒரு சாக்கை நீட்டியிருக்கிறார்கள். "நான் போடமாட்டன் எண்டன். ஆளைக் காட்டிற கழுத்து எனக்கு வேண்டாம் எண்டன். அவங்கள் அந்தக் கழுத்தைத்தான் எடுத்தாங்கள்," என்றார். துவக்குப் பிடியால் அடித்திருக்கிறார்கள். சொல்லும்போது அழுதார். அவர் சொன்னதை நான் ஒரு சொல் பிசகாமல் டேனிஷில் சொன்னேன். வெளியே வந்ததும் என் கையைப் பிடித்து, "இதை ஆருக்கும் சொல்லிப்போடாதை தம்பி. கிழவன் அழுதவன் எண்டு சிரிப்பாங்கள்," என்றார். சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். கடைசிவரை அதைக் காப்பாற்றினேன்.

பிறகு நடந்ததற்கு என் கவனக்குறைவுதான் காரணம். ஒரு சனிக்கிழமை, காதல் படம் ஒன்றைச் சொல்லிக்கொண்டிருந்தபோது கதையில் என்னை மறந்துவிட்டேன் போலிருக்கிறது. முடிந்ததும் ஞானரட்ணம் கதிரையை மடித்துக்கொண்டே சிரித்தார். "லிங்கம், நீரும் சந்தோசம் வந்தா இடப்பக்கம்தான் சரிக்கிறீர். இண்டைக்குத்தான் கண்டன்."

சிரிப்பில் ஒன்றும் இல்லை. ஆனாலும் அவர் கண்டுவிட்டார்.

அடுத்த கிழமை நூலகப் பெண் கொண்டுவந்தது ஓர் இத்தாலியப் படம். மெக்சிக்கோவில் நடக்கிற புரட்சிக் கதை. அவள் வெள்ளிக்கிழமையே தந்துவிட்டதால் நான் தனியாக இருந்து, அகராதியோடு, இரண்டு தரம் பார்த்தேன். நல்ல படம் என்றே இன்னமும் நினைக்கிறேன். செப்புச் சுரங்கம் ஒன்று, அதை நடத்துகிற வெளிநாட்டு இஞ்சினியர், அவனுக்குத் துவக்கோடு காவல் நிற்கிற கேணல், வெயிலில் சாகிற சனம். இஞ்சினியருக்கும் சனத்துக்கும் நடுவில், பேச்சை மொழிபெயர்த்துச் சொல்ல ஒரு துபாசி. நல்ல சட்டை போட்டவன், இரண்டு பக்கமும் அவனை நம்பும். சனம் கிளர்ந்தெழுகிறது. ஒருநாள் கேணல் ஒரு கழுதைக்காரனைப் பிடித்து, தலையில் சாக்குப் போட்டு, கோயில் வாசலில் கதிரையில் இருத்தி, ஊராரை அவன் முன்னால் நடக்க விடுகிறான். மூன்று பேர் வரும்போது சாக்கு ஒரு பக்கம் சரிகிறது. மூன்று பேரையும் சுடுகிறார்கள். செத்தவன் ஒருவனின் அண்ணன்காரன் அந்தக் கழுதைக்காரனைத் தேடிப் பாலைவனம் முழுக்க அலைந்து, ஒரு கிணற்றடியில் கண்டு கொல்கிறான். துபாசி புரட்சிக்காரரோடு சேர்ந்து அவனுக்கு வழிகாட்டிக்கொண்டே வருகிறான். கடைசியில், ரெயில் ஏறப்போகிற இஞ்சினியர் சிரித்துக்கொண்டு உண்மையைச் சொல்கிறான். கழுதைக்காரன் யாரையும் காட்டவில்லை. அடி தாங்காமல் மயங்கிக் கிடந்தவனைத்தான் கயிற்றால் கட்டி நிமிர்த்தி வைத்திருந்தார்கள். தலை தன்பாட்டில் விழுந்தது. பெயர்களைக் கொடுத்தவன் துபாசி. அண்ணன்காரன் திரும்பி, பக்கத்தில் நிற்கிற துபாசியைச் சுடுகிறான். படம் முடிகிறது.

டேனிஷ்காரன் ஒருவன் அந்தக் கோயில் வாசல் காட்சியைப் பார்த்தால் மயங்கியவனின் தலை என்று உடனே விளங்கிக்கொள்வான். எங்கள் மண்டபத்தில் சாக்கு சரிந்தபோது எல்லோருக்கும் ஒரே நேரத்தில் மூச்சு நின்றது. யாரோ, "ஓம் எண்டுட்டான்," என்றார். அந்தக் காட்சிக்குக் கீழே எழுத்தே ஓடவில்லை. நான் வாய் திறக்கவில்லை. அவர்களே மொழிபெயர்த்துக்கொண்டார்கள்.

அதன்பிறகுதான் சொன்னேன். அண்ணன்காரன் ஊர் ஊராய்ப் போய், கழுதைக்காரன் எங்கே என்று கேட்கிறான். நான் அதை, 'கழுத்துச் சரிஞ்சவன் எங்கே' என்று சொன்னேன். அவ்வளவுதான். படத்தில் அவன் ஐந்தாறு ஊர்களில் கேட்கிறான். இரண்டாவது ஊரிலேயே பின்வரிசையில் இருந்து ஒருவர், "குருசு அண்ணை, உங்களைத்தான் தேடுறாங்கள்," என்றார். குருசுமுத்துவும் சிரித்தார். "விடடா, மெக்சிக்கோவிலயாவது எனக்கொரு கூட்டாளி இருக்கட்டும்." நாலாவது ஊரில் யாரும் சிரிக்கவில்லை.

முடிவுதான் சிரமமாக இருந்தது. இஞ்சினியர் சொல்வதை விட்டுவிடலாம், துபாசியைச் சுடுவதை மறைக்க முடியாது. எல்லோரும் கண்ணால் பார்க்கிறார்கள். துரோகிக்காக இரக்கப்பட்டு ஒரு வார்த்தை சொன்னான், அதற்காகச் சுடுகிறார்கள் என்றேன். இரக்கப்பட்டதற்கா என்று ஒருவர் கேட்டார். தேவராசா என்று ஒருவர், இரண்டு இயக்கங்களில் இருந்து இரண்டிலிருந்தும் ஓடிவந்தவர், கதிரையில் சாய்ந்துகொண்டு சொன்னார்: "படிச்சவனைக் கடைசியாச் சுடுறதுதான் புரட்சி. முதலே சுட்டா நோட்டீஸ் எழுத ஆளில்லை." சிரிப்பில் அந்தக் கேள்வி போய்விட்டது.

குருசுமுத்துவின் கறிச்சட்டியில் அதன்பிறகு யாரும் கை வைக்கவில்லை. மேசையில் அவருக்கு இரண்டு பக்கமும் கதிரைகள் காலியாகக் கிடந்தன. அவர் கழுத்தைக் கையால் பிடித்து நேராக்கிக்கொண்டு சாப்பிடப் பார்த்தார். ஒரு கையால் மீன் முள் எடுக்க முடியாமல் விட்டுவிட்டார். எனக்கும் கவலையாக இருந்தது.

ஞானரட்ணம் என் அறைக்கு வந்தார். குருசுமுத்துவின் வழக்குக்குக் கதைத்தவன் நான் என்பதால், அந்தக் கழுத்துக்கு என்ன நடந்தது என்று கேட்டார். விசாரணையில் கேட்டதை மொழிபெயர்ப்பாளன் வெளியே சொல்லக்கூடாது, அது இரகசியம் என்றேன். அது விதி. கையெழுத்து வாங்கித்தான் எங்களை வேலைக்கு எடுக்கிறார்கள், உங்களுக்குத் தெரியும். அவர் விடவில்லை.

"சொல்லக்கூடாத மாதிரி ஒண்டு இருக்குது, என்ன?"

நான் அவருக்குக் கதவைத் திறந்துவிட்டேன்.

அடுத்த நாள் காலை குருசுமுத்து மரப்பாலத்தின் நுனியில் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஞானரட்ணம் போய் அந்த ஒரு கேள்வியைக் கேட்டார். பிறகு தள்ளினார். மன்னார்க் கடலில் பிறந்தவருக்கு நீந்தத் தெரியாமல் இருக்குமா? ஆனால் அந்தத் தண்ணீரில் நீந்துவதற்கு முன்னரே உடம்பு நின்றுவிடுமாம். பாலத்தில் வேறு யாரும் இல்லை. நான் என் அறையில் வாசித்துக்கொண்டிருந்தேன்.

பொலிஸ் வந்தபோது மொழிபெயர்க்க என்னை விட்டால் அந்தப் பக்கத்தில் ஆள் இல்லை. நீங்கள் கேட்ட ஒலிநாடா அதுதான். பொலிஸ்காரர் தட்டச்சு இயந்திரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஞானரட்ணம் மூன்று வசனம் சொன்னார்.

"நீயோ எண்டு கேட்டன். இவர் தலையைச் சரிச்சவர். பிறகுதான் தள்ளினன்."

நான் மூன்றையும் சொன்னேன். இரண்டாவதை, 'ஹான் தலையைச் சரித்தார்' என்று சொன்னேன். பொலிஸ்காரர் அடித்துக்கொண்டார். பாலத்தில் வேறு யாரும் நின்றார்களா என்று கேட்டார். இல்லை என்றார் ஞானரட்ணம். அதையும் அப்படியே சொன்னேன்.

வழக்கு உங்களுக்குத் தெரியும். டொக்டர் வந்து, செத்தவரின் கழுத்து நோயால் சரிந்தது, அது பதில் அல்ல என்றார். எங்கள் ஆட்கள் தலையைச் சரித்தால் என்ன அர்த்தம் என்று நீதிபதி கேட்டபோது அங்கேயும் மொழிபெயர்த்துக்கொண்டிருந்த நான்தான் எழுந்து விளக்கினேன். செய்துகூடக் காட்டினேன். ஒரு பண்பாட்டின் சைகையும் ஒரு மனிதனின் நோயும் சேர்ந்து உண்டாக்கிய துயரம் என்று பத்திரிகையில் வந்தது. நீதிபதி எனக்கு நன்றி சொன்னார். இந்த வேலையும் இந்த வீடும் அதனால்தான் கிடைத்தன.

ஞானரட்ணத்தைப் பார்க்க மாதம் ஒருமுறை போகிறேன். தெரியாமல் ஒரு நிரபராதியைக் கொன்றுவிட்டேன் என்று அவர் நித்திரை கொள்வதில்லை. சிறையில் டேனிஷ் படிக்கிறார், நன்றாகவே வருகிறது. போன முறை, அந்தப் படத்தில் துபாசியை ஏன் சுட்டார்கள், நான் சொன்ன காரணம் இன்னும் பிடிபடவில்லை என்றார். பிறகு 'அவர்' என்பதற்கும் 'இவர்' என்பதற்கும் டேனிஷில் தனித்தனிச் சொல் உண்டா என்று கேட்டார். இல்லை என்றேன்.

இனி உங்கள் கேள்வி. அந்த 'இவர்' யார் என்று கேட்டீர்கள். சின்ன வகுப்பில் நாங்கள் எல்லோரும் பாடமாக்கியதுதான்: அகரம் சேய்மைச்சுட்டு, இகரம் அண்மைச்சுட்டு. கடலில் இருந்து தூக்கிக்கொண்டு போன ஒருவரை எந்தத் தமிழனும் 'இவர்' என்று சொல்லமாட்டான். பக்கத்தில் இருக்கிற ஆளைத்தான் சொல்வான். சொல்லும்போது ஞானரட்ணம் நாடியால் காட்டவும் செய்தார். நாடாவில் அது விழாது.

அன்று காலை நான் வாசித்துக்கொண்டிருந்தது உண்மை. ஆனால் சன்னலில் நின்று வாசித்தேன். கண்ணாடியில் மூச்சுப் படிந்திருந்தது; கண் அளவுக்குத் துடைத்துக்கொண்டேன். ஞானரட்ணம் கேட்பது தெரிந்தது. குருசுமுத்துவின் தலை எப்போதும்போலச் சரிந்திருந்தது. இரண்டு கையும் இல்லை, இல்லை என்று ஆடின. ஞானரட்ணம் குழம்பிப்போய் நின்றார். தலையை நம்புவதா, கையை நம்புவதா என்று அவருக்குத் தெரியவில்லை. அப்போது குருசுமுத்து திரும்பி என் சன்னலைக் காட்டினார். கழுத்தின் கதை தெரிந்தவன் அங்கே நான் ஒருவன்தானே. ஞானரட்ணமும் திரும்பி, என்னைப் பார்த்து நாடியை உயர்த்தினார்.

நான் தலையை இடப்பக்கம் சரித்தேன். அவர் இவ்வளவு காலமும் தேடித் திரிந்த அதே சரிவு, பட்டப்பகலில், சாக்கு இல்லாமல். அவர் அதைப் பார்த்தார். ஓம் என்று எடுத்துக்கொண்டார்.

திரும்பி வந்து, ஹொட்டேல் நடைக்கூடத்தில் என் தோளைப் பிடித்துக்கொண்டார். "உம்மைக் கேக்கச் சொன்னான், லிங்கம். உமக்கு எல்லாம் தெரியுமாம். நல்லகாலம், நீர் சன்னலில நிண்டது."

ஆகவே அந்த 'இவர்' நான்தான். நீதிமன்றத்துக்கு எழுதும்போது நீங்கள் இதைத் தாராளமாகச் சொல்லலாம். 'ஹான்' என்று நான் மொழிபெயர்த்ததில் பிழை ஒன்றும் இல்லை என்பதை மட்டும் விட்டுவிடாமல் சேர்த்துக்கொள்ளுங்கள்.